கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? டென்னிஸ் நடுவரை மாற்றிய கேமரா... ரேஷன் கடை வரை வந்த அதே கேள்வி!

2018 ஆகஸ்ட் மாதம். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்கள் 10,000 மீட்டர் ஓட்டத்தில் புதுக்கோட்டையைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன் மூன்றாவதாக ஓடி முடித்தார். வெண்கலம் உறுதி என்று எல்லோரும் கொண்டாடினார்கள். சிறிது நேரத்தில் வந்த அறிவிப்பு எல்லாவற்றையும் மாற்றிப்போட்டது. ஓட்டத்தின் நடுவே ஒருவரை முந்தும்போது அவரது கால் ஓடுபாதையின் உள் விளிம்பைத் தாண்டிவிட்டது, எனவே தகுதி நீக்கம் என்றார்கள். இந்தியத் தரப்பு முறையிட்டும் முடிவு மாறவில்லை. வெண்கலம் சீன வீரருக்குப் போனது.

25 சுற்று ஓடியவரின் பதக்கத்தை முடிவு செய்தது ஒரு கோடு. கால் உள்ளேயா, வெளியேயா? அவ்வளவுதான் கேள்வி.

இந்தக் கேள்வி ஒவ்வொரு பந்துக்கும் எழும் விளையாட்டு டென்னிஸ். அங்கே அதற்குப் பதில் சொல்லும் வேலை மனிதரிடம் இருந்து கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் கிட்டத்தட்ட முழுமையாகப் போய்விட்டது. அதேபோல நம் ஊர் ரேஷன் கடையில், சுங்கச்சாவடியில், வேலைத் தளத்தில் ‘சரி’, ‘தவறு’ என்று சொல்வதும் இப்போது மெஷின்தான். மெஷின் சொன்னது தப்பு என்றால் யாரிடம் போய்க் கேட்பது? டென்னிஸ் 20 ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறது. அதில் நமக்கும் பாடம் இருக்கிறது.

டென்னிஸில் கேமரா எப்படி வந்தது?

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 8.23 மீட்டர். இந்தக் கட்டத்துக்குள் பந்து விழுந்தால் ‘இன்’, வெளியே விழுந்தால் ‘அவுட்’. கோட்டில் துளி பட்டாலும் ‘இன்’தான். இதைப் பார்ப்பதற்கென்றே பெரிய போட்டிகளில் கோர்ட்டைச் சுற்றிக் கோட்டு நடுவர்கள் நிற்பார்கள். அவர்களுக்கு மேலே உயரமான நாற்காலியில் தலைமை நடுவர்.

மனிதக் கண்ணுக்கு உதவியாக இயந்திரம் முதலில் வந்தது 1980இல். விம்பிள்டனில் ‘சைக்ளாப்ஸ்’ என்ற கருவியை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை சர்வீஸ் கோட்டை ஒட்டிப் பாய்ச்சி, பந்து வெளியே போனால் ‘பீப்’ என்று சத்தம் போடும். ஆனால் அது சர்வீஸ் பந்தை மட்டும்தான் பார்க்கும். மற்றதெல்லாம் மனிதர் பொறுப்பு.

திருப்புமுனை 2004 அமெரிக்க ஓபன். காலிறுதியில் செரீனா வில்லியம்ஸும் ஜெனிஃபர் கேப்ரியாட்டியும் மோதினார்கள். கடைசி செட்டில் செரீனா அடித்த பந்து தெளிவாக உள்ளே விழுந்தது. கோட்டு நடுவரும் ‘அவுட்’ என்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலி நடுவர் குறுக்கிட்டு ‘அவுட்’ என்றார். டிவியில் மறுஒளிபரப்பைப் பார்த்த அத்தனை பேருக்கும் அது தப்பு என்று தெரிந்தது. கோர்ட்டில் இருந்த நடுவருக்கு மட்டும் அதைப் பார்க்க வழியில்லை! செரீனா அந்த ஆட்டத்தில் தோற்றார். பிறகு அமெரிக்க டென்னிஸ் சங்கம் அவரிடம் மன்னிப்பு கேட்டது.

‘வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது நடுவருக்குத் தெரியக்கூடாதா?’ என்ற கேள்வி அதன்பின் பெரிதாக எழுந்தது. 2006 மார்ச்சில் மயாமி போட்டியிலும், அதே ஆண்டு அமெரிக்க ஓபனிலும் ‘ஹாக்-ஐ’ முறை வந்தது. ஹாக்-ஐ என்றால் பருந்தின் கண். இங்கிலாந்தைச் சேர்ந்த பால் ஹாக்கின்ஸ் உருவாக்கியது. 2001இல் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து - பாகிஸ்தான் டெஸ்ட் கிரிக்கெட் ஒளிபரப்பில்தான் அதை முதலில் பயன்படுத்தினார்கள். நம்ம ஊர் டீக்கடை டிவியில் எல்பிடபிள்யூ-வுக்கு ஒரு கோடு போட்டுக் காட்டுவார்களே, அதே குடும்பம்தான்.

சரி, பருந்துக் கண் எப்படி வேலை செய்கிறது?

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 55 மீட்டருக்கு மேல் பாய்கிறது. விநாடிக்கு 50 படம் எடுக்கும் சாதாரண டிவி கேமராவில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் பந்து ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். அதாவது, பந்து தரையைத் தொட்ட அந்தக் கணம் எந்தப் படத்திலும் பதிவாகாமலே போகலாம். பந்து தரையில் இருப்பதே ஆயிரத்தில் ஐந்து விநாடி அளவுதான். நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் இருபது முறை நடந்து முடியக்கூடிய சங்கதி அது.

எனவே ஹாக்-ஐ ஒரே கேமராவை நம்புவதில்லை. கோர்ட்டைச் சுற்றி உயரத்தில் பத்து அல்லது அதற்கும் மேற்பட்ட அதிவேக கேமராக்கள் இருக்கும். அது செய்யும் வேலையை மூன்று படியாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் படி: ஒவ்வொரு கேமராவும் தன் படத்தில் பந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்.

இரண்டாம் படி: பல கோணங்களை ஒன்றுசேர்த்து, அந்தக் கணத்தில் பந்து வெளியில் எந்த இடத்தில் இருந்தது என்று கணக்கிடும். நமக்கு இரண்டு கண் இருப்பதால் தூரம் தெரிகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். கேமராக்களுக்கும் அதே தத்துவம்தான்.

மூன்றாம் படி: இப்படிக் கிடைத்த புள்ளிகளை இணைத்துப் பந்தின் பாதையை வரையும். தரையில் பட்டதும் பந்து நசுங்கும், கொஞ்சம் வழுக்கும். அதையும் கணக்கில் சேர்த்து, தரையில் விழுந்த தடம் எவ்வளவு நீளம், எந்த வடிவம் என்று சொல்லும். திரையில் நீள்வட்டமாக ஒரு தடம் காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் நாம் பார்ப்பது வீடியோ அல்ல. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைந்த படம்.

அப்போ அது நூறு சதவீதம் சரியா?

இல்லை. ஹாக்-ஐயின் சராசரிப் பிழை சுமார் 2.6 மில்லிமீட்டர் என்று அதன் தயாரிப்பாளர்கள் சொல்லி வந்தார்கள். மனிதக் கண்ணோடு ஒப்பிட்டால் இது அபாரமான துல்லியம். ஆனால் சராசரி என்றால் சில முறை அதைவிடக் குறைவு, சில முறை அதிகம் என்றுதானே பொருள்? பந்து கோட்டை ஒரு மில்லிமீட்டர் தொட்டதாகத் திரை காட்டும்போது அது நிஜத்தில் தொட்டதா இல்லையா என்பதை அந்த மெஷினாலும் அடித்துச் சொல்ல முடியாது.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி காலின்ஸ், ராபர்ட் எவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். எந்த அளவீட்டுக் கருவிக்கும் பிழை எல்லை உண்டு. அதை மறைத்து, நடந்ததை அப்படியே காட்டுவது போலத் திரையில் காட்டினால், மெஷின் தவறே செய்யாது என்று மக்கள் நம்பிவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம்.

வீரர்கள் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? பிழை இருந்தாலும் அது இருவருக்கும் ஒன்றுதான். மெஷினுக்குப் பிடித்த வீரர், பிடிக்காத வீரர் என்று கிடையாது. கூட்டம் கத்தினால் பயப்படாது. இது பெரிய நிம்மதி. ஆனாலும் எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. 2007 விம்பிள்டன் இறுதியில் நடாலுக்கு எதிராக ஆடிய ஃபெடரர், ஹாக்-ஐ சொன்ன ஒரு முடிவில் கடுப்பாகி, அதை அணைத்துவிட முடியாதா என்று நடுவரிடமே கேட்டார்!

‘சவால்’ என்ற சின்ன உரிமை

2006இல் வந்த முறையின் அழகே அதிலிருந்த ‘சேலஞ்ச்’ தான். முடிவை முதலில் சொல்வது மனிதர். வீரருக்குச் சந்தேகம் இருந்தால் கையை உயர்த்தி, மெஷினிடம் கேளுங்கள் என்று சொல்லலாம். பின்னாளில் பொதுவான விதி இப்படி ஆனது: ஒரு செட்டுக்கு மூன்று முறை தப்பாகக் கேட்கலாம், டை-பிரேக் வந்தால் இன்னொன்று. கேட்டது சரி என்றால் எண்ணிக்கை குறையாது.

மனிதர் முடிவு சொல்கிறார், பாதிக்கப்பட்டவர் கேள்வி கேட்கிறார், மெஷின் சாட்சி சொல்கிறது. மூவருக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. கிரிக்கெட்டில் இதே யோசனை டிஆர்எஸ் ஆனது. 2008இல் இந்தியாவும் இலங்கையும் மோதிய டெஸ்ட் தொடரில், இலங்கை மண்ணில்தான் அது முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. அந்தத் தொடரின் அனுபவத்துக்குப் பிறகு இந்தியா பல ஆண்டுகள் அதை ஏற்கவில்லை. 2016இல்தான் இறங்கி வந்தது.

ஆனால் டென்னிஸ் அங்கே நிற்கவில்லை. 2017இல் மிலானில் நடந்த இளம் வீரர்களுக்கான போட்டியில் கோட்டு நடுவரே இல்லாமல் மெஷினே நேரடியாக ‘அவுட்’ என்று குரல் கொடுத்தது. 2020இல் கொரோனா வந்தது. கோர்ட்டில் ஆட்களைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில் அமெரிக்க ஓபன் பெரும்பாலான கோர்ட்டுகளில் இந்த முறைக்கு மாறியது. 2021இல் ஆஸ்திரேலிய ஓபன் எல்லாக் கோர்ட்டிலும் மாறியது. 2025இல் ஆண்கள் ஏடிபி தொடர் முழுக்க இதுவே நடைமுறை ஆனது. அதே ஆண்டு, 147 ஆண்டுப் பாரம்பரியத்தை முடித்துக்கொண்டு விம்பிள்டனும் கோட்டு நடுவர்களை அனுப்பிவிட்டது. அங்கே சுமார் 300 பேர் பார்த்து வந்த வேலை அது.

மெஷினே முதல் முடிவைச் சொன்னால், அதை எதிர்த்து யாரிடம் சவால் விடுவது? வீரரின் அந்தச் சின்ன உரிமை சத்தமில்லாமல் காணாமல் போனது.

விம்பிள்டனில் மெஷின் தூங்கிய நாள்

2025 ஜூலை 6. விம்பிள்டன் சென்டர் கோர்ட். ரஷ்யாவின் பாவ்லியுசென்கோவாவும் பிரிட்டனின் சோனாய் கார்ட்டலும் நான்காவது சுற்றில் ஆடுகிறார்கள். முதல் செட் 4-4. பாவ்லியுசென்கோவா அந்த கேமை வெல்ல ஒரே ஒரு புள்ளி போதும். கார்ட்டல் அடித்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே விழுந்தது. டிவியில் பார்த்தவர்களுக்கே பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மெஷினிடம் இருந்து சத்தமே இல்லை.

பாவ்லியுசென்கோவா ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடுவரைப் பார்த்தார். நடுவர் தொலைபேசியில் விசாரித்தார். அந்தப் பந்தை மெஷின் பின்தொடரவில்லை என்று பதில் வந்தது. முடிவு? புள்ளியை மறுபடி ஆடுங்கள். அந்த கேம் அவர் கையை விட்டுப் போனது. ஒரு கேமையே தன்னிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று அவர் நடுவரிடம் குமுறினார். கடைசியில் அந்த ஆட்டத்தில் அவரே ஜெயித்தார் என்பதால் பிரச்னை அதோடு அடங்கியது.

விசாரித்துப் பார்த்தால், கோர்ட்டின் ஒரு பக்கத்துக்கான கண்காணிப்பை இயக்குபவர் தவறுதலாக அணைத்து வைத்திருந்தார்! அந்த ஒரே கேமில் மூன்று முடிவுகள் விடுபட்டன. விம்பிள்டன் நிர்வாகம் மன்னிப்பு கேட்டது. ஆட்டம் நடக்கும்போது யாரும் அதை அணைக்க முடியாதபடி மாற்றியது. இரண்டு நாள் கழித்து டெய்லர் ஃப்ரிட்ஸ் - கச்சனோவ் ஆட்டத்தில் இன்னொரு கூத்து. ராலி நடந்துகொண்டிருக்கும்போதே மெஷின் ‘ஃபால்ட்’ என்று கத்தியது. பந்து எடுக்கும் பையன் கோர்ட்டில் இருந்தபோதே சர்வீஸ் போடப்பட்டதால், புதிய புள்ளி தொடங்கியது மெஷினுக்குப் புரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது மெஷின் கெட்டுப்போனதை அல்ல. எதுவும் ஒருநாள் கெட்டுப்போகும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லத் தயங்கினார் என்பதுதான் விஷயம். மெஷின் இருக்கிறது, அது சொல்லட்டும் என்று பழகிவிட்டால், மனிதருக்கு முடிவு சொல்லும் துணிச்சல் மெல்ல மெல்லப் போய்விடுகிறது.

ஃபிரெஞ்சு ஓபன் மட்டும் 2025இலும் கோட்டு நடுவர்களை விடவில்லை. அங்கே களம் செம்மண். பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியில் இருந்து இறங்கி வந்து, குனிந்து பார்த்து, விரலால் சுட்டிக்காட்டுவார். மண்ணே சாட்சி!

மட்டையும் மாறியது, ஆட்டமும் மாறியது

தொழில்நுட்பம் நடுவரை மட்டும் மாற்றவில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனபோது அவர் கையில் இருந்தது மரமட்டை. 1973இல் சென்னையின் விஜய் அமிர்தராஜ் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் காலிறுதியைத் தொட்ட காலமும் மர மட்டைகளின் காலம்தான். அதன்பின் உலோகம் வந்தது, பெரிய தலை கொண்ட மட்டை வந்தது, எண்பதுகளில் கிராஃபைட் எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. லேசான மட்டை, பாலியெஸ்டர் நரம்பு இரண்டும் சேர்ந்ததும் பந்துக்கு அசுரச் சுழற்சி கிடைத்தது. வலைக்கு ஓடிவந்து நாசூக்காகத் தட்டும் கிருஷ்ணன் காலத்து ஆட்டம் குறைந்து, பின்கோட்டில் நின்று வெளுத்து வாங்கும் ஆட்டம் பெருகியது.

பந்தின் நிறம் மாறியதற்குக்கூடக் காரணம் டிவிதான். கலர் டிவியில் வெள்ளைப் பந்து சரியாகத் தெரியவில்லை என்று 1972இல் சர்வதேச சம்மேளனம் மஞ்சள் பந்தை விதியில் சேர்த்தது. விம்பிள்டன் 1986 வரை வெள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்று மட்டைப் பிடியில் சென்சார், கையில் உடல் அளவுகளைக் கணிக்கும் பட்டை, வேலியில் மாட்டிய ஒற்றை செல்போன் வழியாகவே பந்தைப் பின்தொடரும் ‘ஸ்விங்விஷன்’ போன்ற செயலி என்று எல்லாம் வந்துவிட்டன. பெரிய அகாடமியில் சேர வசதி இல்லாத ஒரு சின்ன ஊர்ப் பிள்ளைக்கு, தன் ஆட்டத்தைத் தானே திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்ள ஒரு செல்போன் போதும். இது நிஜமான நன்மை.

நம்ம வாடிவாசலில் என்ன கதை?

ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்றாலே நினைவுக்கு வருவது புதுக்கோட்டை மாவட்டம் தச்சன்குறிச்சி. அங்கேயும் கேள்வி இதேதான். திமிலைப் பிடித்த வீரர் உரிய தூரம் தாக்குப்பிடித்தாரா, இல்லையா? காளை மூன்று துள்ளல் துள்ளியதா, இல்லையா? ஒரே காளையை இரண்டு பேர் பிடித்தார்களா? புழுதிக்கு நடுவே சில நொடியில் முடிவு சொல்ல வேண்டும்.

2024இல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூரில் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் ஒரே ஒரு காளைதான் வித்தியாசம்: 18, 17. இரண்டாம் இடம் வந்தவர் அந்த முடிவை ஏற்க மறுத்தார், பெரிய சர்ச்சை ஆனது. பரிசு கார் என்னும்போது சும்மா விடுவார்களா? ‘வீடியோவைப் போட்டுப் பாருங்க’ என்ற குரல் இப்போது வாடிவாசல்களில் சகஜம். 2004இல் செரீனா ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கேட்டதும் இதையேதான்.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு?

கோர்ட்டில் நடந்தது அப்படியே நம் அன்றாட வாழ்க்கையிலும் நடந்திருக்கிறது. கொஞ்சம் வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

ரேஷன் கடை: முன்பு அட்டையையும் ஆளையும் பார்த்து விற்பனையாளர் பொருள் கொடுப்பார். இப்போது கைரேகை வைக்க வேண்டும். கைரேகை மெஷினும் ஹாக்-ஐ மாதிரிதான். அது ‘இவர்தான்’ என்று அடையாளம் கண்டு சொல்வதில்லை. பதிவில் இருக்கும் ரேகையோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போட்டு, ஒரு எல்லையைத் தாண்டினால் ‘சரி’, தாண்டாவிட்டால் ‘தவறு’ என்கிறது. எல்லையைத் தளர்த்தினால் வேறு ஆள் உள்ளே வந்துவிடலாம். இறுக்கினால் சரியான ஆளே வெளியே நிற்க வேண்டியிருக்கும். இரண்டு பிழையையும் ஒரே நேரத்தில் இல்லாமல் ஆக்க எந்த மெஷினாலும் முடியாது. நாற்று நட்டு, களை பறித்து, கல் உடைத்துத் தேய்ந்த விரல்களுக்கும், வயதானவர்களின் விரல்களுக்கும் இந்தச் சிக்கல் அதிகம். உழைத்து உழைத்து ரேகை அழிந்தவரைத்தான் மெஷின் ‘அவுட்’ என்கிறது.

நூறு நாள் வேலை: 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தளங்களிலும் என்எம்எம்எஸ் என்ற செயலி வழியாக வருகைப் பதிவு கட்டாயம் ஆனது. நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுத்து, இடக் குறியீட்டோடு ஏற்ற வேண்டும். போலி வருகையைத் தடுப்பது நோக்கம். ஆனால் கண்மாய்க் கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால்? படம் ஏறாவிட்டால், செய்த வேலைக்கே கூலி கேள்விக்குறி. சரி, போலி நின்றதா? சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுவது போன்ற முறைகேடுகள் நடப்பதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. ஏமாற்ற நினைப்பவர் வழி கண்டுபிடித்துவிடுகிறார். சிக்னல் இல்லாத அப்பாவிதான் மாட்டிக்கொள்கிறார்.

சுங்கச்சாவடி: 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். வரிசை குறைந்தது, சில்லறைத் தகராறு ஒழிந்தது. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு எங்கோ ஒரு சாவடியில் பணம் பிடித்ததாக எஸ்எம்எஸ் வந்தால்?

செல்போன் பணம்: 2016இல் வந்த யூபிஐ, பூக்கடை வரை போய்விட்டது. ஒரு எண் மாறி அனுப்பிவிட்டால், பணம் போனது போனதுதானா?

எல்லா இடத்திலும் மெஷின் வேகமாக முடிவு சொல்கிறது, பெரும்பாலும் சரியாகவும் சொல்கிறது. தவறும்போது எதிரே நிற்கும் மனிதர், ‘நான் என்ன செய்யட்டும், சிஸ்டம் எடுக்கலையே’ என்கிறார். விம்பிள்டன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சொன்னதும் இதுதான்!

நமக்கு ‘சேலஞ்ச்’ உண்டா?

உண்டு. பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ரேஷன் கடையில் கைரேகை பதியவில்லை என்றால் வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லலாம், அட்டையில் இருக்கும் மற்றொரு உறுப்பினர் வரலாம். கருவிழி மூலம் சரிபார்க்கும் கருவியும் கடைகளுக்கு வந்திருக்கிறது. கடைக்கு வர முடியாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமித்து அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. புகார் சொல்ல இலவச எண் 1967.

ஃபாஸ்டேக்கில் தவறாகப் பணம் பிடித்தால் 1033. அதோடு ஃபாஸ்டேக் கொடுத்த வங்கியிலும் புகார் பதியுங்கள்.

யூபிஐயில் பணம் மாறிப் போனால் முதலில் அந்தச் செயலியிலும் உங்கள் வங்கியிலும் உடனே புகார் செய்யுங்கள். வங்கி 30 நாளில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மோசடி என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது திங்கட்கிழமை. மன்னர் காலத்து அரண்மனையில் இயங்கும் புதுக்கோட்டை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் கூட்டம். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. எந்த இடத்திலும் மனு கொடுத்தால் பதிவு எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத சவால், சவாலே இல்லை.

நடுவர் இல்லாத கோர்ட்டில் ஒரு விதி

கேமராவும் இல்லாமல், நடுவரும் இல்லாமல்தான் உலகில் பெரும்பாலான டென்னிஸ் ஆட்டங்கள் நடக்கின்றன. அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் பக்கம் விழும் பந்துக்கு நீங்களே முடிவு சொல்ல வேண்டும். சரியாகத் தெரியவில்லையா? அப்படியென்றால் அது ‘இன்’. சந்தேகத்தின் பலன் எதிராளிக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதைப் பின்பற்றித்தான் ஆடுகிறார்கள்.

ரேஷன் கடை மெஷினுக்கும் இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் போதும். ரேகை தெளிவாக இல்லையா? சந்தேகத்தின் பலன் அரிசி வாங்க வந்தவருக்கு. சரிபார்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதுக்கோட்டைக்கு இந்த விஷயத்தில் சொந்தமாகவே ஓர் அனுபவம் உண்டு. 1991-92இல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்பதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். எழுத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்றானது. சைக்கிளும் அன்றைக்கு அவர்களுக்குப் புதிய தொழில்நுட்பம்தான். ஒரே வித்தியாசம், அதன் ஹேண்டில்பார் அவர்கள் கையில் இருந்தது. எங்கே திரும்புவது, எங்கே பிரேக் பிடிப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

இன்றைய மெஷின்கள் நம்மைப் பார்த்து ‘இன்’, ‘அவுட்’ சொல்கின்றன. சொல்லட்டும், பல நேரம் மனிதரைவிடச் சரியாகவே சொல்கின்றன. ஆனால் தவறும்போது கையை உயர்த்தி, ‘இல்லை, மறுபடி பாருங்க’ என்று சொல்ல ஓர் இடமும், அதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மனிதரும் இருக்க வேண்டும். அடுத்த முறை ரேஷன் கடையில் ஒரு பாட்டியின் விரலை மெஷின் நிராகரித்தால், வரிசையில் நிற்கும் நீங்கள் அவருக்காகக் கையை உயர்த்தலாம். 1967 என்ற எண் நினைவிருக்கட்டும்.